உயர் வரையறைத் தொலைக்காட்சி: மன்னார்த் தீவுக் குடியிருப்புகளில் கொள்வனவும் நிறுவுதலும்

உயர் வரையறைத் தொலைக்காட்சி என்பது, முந்திய தொலைக்காட்சி முறைகளைவிடப் பன்மடங்கு மிகுதியான படப்புள்ளிகளைக் கொண்டு, 16:9 என்னும் அகன்ற விகிதத்தில் படத்தைக் காட்டும் ஒளிபரப்பு முறையையும் அதற்கேற்ற பெட்டியையும் குறிக்கும். பேச்சு வழக்கில் இது எச்டி ரிவி எனப்படுகிறது. இலங்கையின் தரைவழி ஒளிபரப்பு இன்னும் முழுமையாக டிஜிற்றலுக்கு மாறாத நிலையில், தோட்டவெளி, பேசாலை முதலிய மன்னார்த் தீவுக் கிராமங்களில் எச்டி பெட்டி வாங்கும் குடும்பம் திரையின் அளவையும் விலையையும் தீர்மானிப்பதற்கு முன்னர், எச்டி படம் எந்த வழியாக வீட்டுக்குள் வரும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கடலுப்பு, பருவக்காற்று, இடிமின்னல், மின்வெட்டு ஆகியவற்றால் நிறுவும் முறையும் இத்தீவில் கடலினின்று தள்ளியுள்ள ஊர்களினின்று ஓரளவு வேறுபடுகிறது.

வரையறையும் அளவுகளும்

தொலைக்காட்சிப் படம் கிடைக்கோடுகளாலும், ஒவ்வொரு கோட்டிலும் உள்ள படப்புள்ளிகளாலும் ஆனது. இலங்கையும் இந்தியாவும் கைக்கொண்ட பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள் உண்டு. அவற்றுள் 576 மட்டுமே கண்ணுக்குத் தெரியும் படத்தைத் தாங்குகின்றன. டிஜிற்றல் கணக்கில் இது 720 × 576, அதாவது ஏறத்தாழ 4 இலட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள் ஆகும். எச்டி என்னும் பெயருக்கு உரிய கீழெல்லை 1280 × 720 புள்ளிகள். முழு எச்டி எனப்படுவது 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். 4கே எனப்படும் மீயுயர் வரையறை 3840 × 2160 புள்ளிகளைக் கொண்டு முழு எச்டியைப் போல் நான்கு மடங்கு ஆகிறது.

பழைய தரத்தில் வரும் படத்தை முழு எச்டி திரையில் காட்டும்போது, திரையிலுள்ள ஐந்து புள்ளிகளில் ஏறத்தாழ நான்கைப் பெட்டியே அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்புகிறது. 4கே திரையிலோ இருபதில் ஒரு புள்ளியே உண்மையில் அனுப்பப்பட்டது. புதிய பெட்டியை வாங்கிப் பழைய அன்ரெனாவிலேயே இணைத்த வீடுகளில், படம் முன்னையதைவிட மங்கலாக இருக்கிறதென்ற முறைப்பாடு எழுவதற்கு இதுவே காரணம். சிறிய குழாய்த் திரையில் மறைந்து கிடந்த குறைகள் பெரிய தட்டைத் திரையில் பெருத்துத் தெரிகின்றன.

வரலாற்றுப் பின்னணி

உயர் வரையறைத் தொலைக்காட்சிக்கான முறையான ஆய்வு, 1964 தோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அடுத்து ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் தொடங்கியது. 1989இல் அந்நாட்டில் 1125 கோடுகள் கொண்ட அனலொக் எச்டி பரிசோதனை ஒளிபரப்பு நாள்தோறும் நடக்கலாயிற்று. 1990இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தன் பரிந்துரை 709 வாயிலாக எச்டி படத்தின் அடிப்படை இயல்புகளை வகுக்கத் தொடங்கியது. அனலொக் எச்டி ஒளிபரப்புக்கு மிகுந்த அலைவரிசை தேவைப்பட்டமையால், படத்தைச் சுருக்கி அனுப்பும் டிஜிற்றல் முறைகள் வளர்ந்த பின்னரே எச்டி உலகெங்கும் பரவியது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்பிரலில் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையுடன் தொடங்கியது. ஜப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட தேசியத் தொலைக்காட்சியான ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கெனச் சக்தி தொலைக்காட்சி 1998இலும் வசந்தம் தொலைக்காட்சி 2009இலும் தோன்றின. வட இலங்கைக் கரையோர மக்கள் உள்நாட்டு ஒளிபரப்போடு நிற்காமல், உயரமான கம்பங்களில் யாகி அன்ரெனாக்களைக் கட்டித் தமிழ்நாட்டின் தூரதர்ஷன் ஒளிபரப்பையும் பார்த்து வந்தனர். வெப்பமும் ஈரமும் படிந்த கடற்பரப்பின் மேல் வானலைகள் வழமையான எல்லையைத் தாண்டி வளைந்து செல்வது இதற்குத் துணைசெய்தது. 1990களில் இராமேசுவரத்தில் எழுந்த 323 மீற்றர் உயரமுள்ள தூரதர்ஷன் கோபுரம் மன்னார்த் தீவுக்குக் கடலுக்கு அப்பால் மிக அண்மையில் அமைந்த ஒளிபரப்புக் கோபுரம் ஆகும்.

போர்க்காலத்தில் வட மாகாணத்தின் பல பகுதிகளில் மின்விநியோகம் அற்றுப்போனபோது, தொலைக்காட்சியும் வீடியோ நாடாவை இயக்கும் டெக்கும் மின்பிறப்பாக்கியுடன் வாடகைக்கு எடுக்கப்பட்டு ஊர் கூடிப் பார்க்கும் பொருள்களாயின. அம்மாகாணத்தின் கொக்காவிலில் இருந்த ஒளிபரப்பு நிலையம் 1990இல் போரில் அழிந்தது. அவ்விடத்தில் 174 மீற்றர் உயரமுள்ள புதிய கோபுரம் 2011 யூனில் திறக்கப்பட்டது. இந்தியாவில் தூரதர்ஷன் தன் தரைவழி அனலொக் ஒளிபரப்புகளைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டதால், கடல் கடந்த ஒளிபரப்பைக் கம்பத்து அன்ரெனாவில் பிடிக்கும் பழைய வழக்கமும் பயனிழந்தது.

படம் வரும் வழிகள்

தரைவழி அன்ரெனா: உள்நாட்டு அலைவரிசைகள் கட்டணமின்றிக் கிடைக்கும் வழி இது. ஆயினும் அனலொக் ஒளிபரப்பின் தரம் 576 கோடுகளைத் தாண்டுவதில்லை. வானலை வரும் திசைக்குக் குறுக்கே பெரிய காற்றாலைகள் சுழலும் இடங்களில் அனலொக் படத்தில் சீரான துடிப்போ இரட்டை நிழலோ தோன்றுவது உலகின் பல பகுதிகளில் அறியப்பட்ட இயல்பு. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்னிலையம் 2020 இறுதியிலிருந்து இயங்குவதால், அன்ரெனாவின் திசையைத் தீர்மானிக்கும்போது இதையும் கருதுவது நன்று.

நேரடிச் செய்மதிச் சேவை: வீட்டுக் கூரையிலோ முற்றத்திலோ பொருத்திய டிஷ் அன்ரெனா, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்ட செய்மதியிலிருந்து சமிக்ஞையைப் பெறுகிறது. இலங்கையில் டயலொக் தொலைக்காட்சி இவ்வகைக் கட்டணச் சேவையை நடத்துகிறது. எச்டி அலைவரிசைகளைப் பெறுவதற்கு எச்டி தரத்துக்குரிய பெறுபெட்டியும் அதற்கான சந்தாப் பொதியும் வேண்டும். பழைய பெறுபெட்டியை வைத்துக்கொண்டு ரிவியை மட்டும் மாற்றினால் படத்தின் தரம் மாறாது. இந்தியச் செய்மதிச் சேவைகளின் டிஷ்களும் வட மாகாணத்தில் காணப்படுகின்றன. எனினும் அச்சேவைகளின் உரிமம் இந்திய எல்லைக்குள் மட்டுமே பொருந்துவதால், இணைப்பு நின்றுபோனாலோ பெறுபெட்டியின் அட்டை முடங்கினாலோ பாவனையாளர் முறையிடுவதற்கு இலங்கையில் இடமில்லை.

இணையவழி: சிறீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் பியோ ரிவி போன்ற சேவைகள் தொலைபேசி அல்லது ஒளியிழை இணைப்பினூடாக அலைவரிசைகளைத் தருகின்றன. யூரியூப் முதலிய தளங்களை ஸ்மார்ட் ரிவி நேரடியாகவே இயக்குகிறது. தடையின்றி முழு எச்டி பார்க்க நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிற்று வேகமும், 4கே பார்க்க 15 முதல் 25 மெகாபிற்று வேகமும் தேவை. 5 மெகாபிற்று வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2¼ கிகாபைற்று தரவு செலவாவதால், ஒளியிழை எட்டாத கிராமங்களில் 4ஜி இணைப்பை நம்பும் வீடுகள் மாதாந்தத் தரவின் அளவை முதலில் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பென் டிரைவும் டீவீடியும்: டீவீடி தட்டில் உள்ள படம் பழைய தரமான 720 × 576 புள்ளிகளே. பென் டிரைவில் எடுத்துவரப்படும் கோப்பு 1080 தரத்தில் இருந்தால், எவ்வித இணைப்பும் இல்லாத வீட்டிலும் உண்மையான எச்டி படத்தைக் காண முடியும்.

பெட்டியைத் தெரிவு செய்தல்

திரையின் அளவு, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையான அங்குலத்தில் குறிக்கப்படுகிறது. 32 அங்குலத் திரை ஏறத்தாழ 71 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. 43 அங்குலத் திரை 95க்கு 54. 55 அங்குலத் திரை 122க்கு 68. இயல்பான பார்வையுள்ள ஒருவருக்கு, முழு எச்டியின் நுணுக்கம் முழுவதும் தெரிவது திரையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவுக்குள் இருக்கும்போதுதான்; 43 அங்குலத் திரைக்கு அது 1.6 மீற்றர் ஆகும். நடுத்தர வீட்டு விறாந்தையிலோ மண்டபத்திலோ பார்வையாளர் 3 மீற்றர் தள்ளி அமர்வதாயின், 43 அங்குல அளவில் முழு எச்டிக்கும் 4கேக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பிரித்தறியாது. அத்தகைய வீட்டில் 4கேக்காகச் செலவிடும் மிகைத்தொகையை எச்டி பெறுபெட்டிக்கோ மின்பாதுகாப்புக்கோ செலவிடுவது கூடுதல் பயன் தரும். 32 அங்குலப் பெட்டிகளில் பல, எச்டி ரெடி என்னும் அடையாளத்துடன் 1366 × 768 புள்ளிகளையே கொண்டிருப்பதால், பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட விளம்பரத்தை விடுத்து விவரக்குறிப்பில் உள்ள புள்ளிக் கணக்கை வாசித்தல் வேண்டும்.

விற்பனையில் எல்.ஈ.டி. எனப்படுபவை, திரவப் பளிங்குத் திரைக்குப் பின்னால் எல்.ஈ.டி. விளக்குகள் ஒளி தருபவை. ஓ.எல்.ஈ.டி. வகையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கருமை ஆழமாகத் தெரியும், விலை மிகுதி. பகல் முழுவதும் கதவும் யன்னலும் திறந்து கிடக்கும் கரையோர வீடுகளுக்கு, ஒளிச்செறிவு மிகுந்ததும் பளபளப்புக் குறைந்ததுமான எல்.ஈ.டி. திரையே ஏற்றது. பலர் பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும் வீட்டில், சாய்ந்து பார்த்தாலும் நிறம் மங்காத ஐ.பி.எஸ். வகைத் திரையும், நேரெதிரே அமர்ந்து இரவில் பார்ப்போருக்குக் கருமை கூடிய வீ.ஏ. வகைத் திரையும் பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் கூடுதல் கவனம் தேவை. இலங்கையின் மின்னழுத்தம் 230 வோல்ற்று, அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட பெட்டி 100 வோல்ற்றுக்கு மட்டும் உரியதாயின், அதை நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் பொருத்தினால் எரிந்துவிடும். கனடாவில் வாங்கிய பெட்டி 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்பதாக இருந்தாலும், அதன் அலைவாங்கி வட அமெரிக்க முறைக்குரியதாகையால் இலங்கையின் பால் ஒளிபரப்பைப் பெறாது. சில பெட்டிகள் பெறுபெட்டி அனுப்பும் 50 ஹேர்ட்ஸ் படத்தையும் ஏற்பதில்லை. வளைகுடா நாடுகளில் விற்கும் பெட்டிகளில் இச்சிக்கல் குறைவு எனினும், இலங்கை முகவரின் உத்தரவாதம் அவற்றுக்குப் பொருந்துமா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

தவணைமுறையில் வாங்குவோர் முற்பணம், மாதத்தவணை, தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூட்டி, மொத்தத் தொகையை உடன்காசு விலையோடு ஒப்பிடுதல் வேண்டும். இலங்கையில் வாடகைக் கொள்வனவு உடன்படிக்கைகளை 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் நெறிப்படுத்துகிறது. விற்பனை தொடர்பான முறைப்பாடுகளை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை ஏற்கிறது. உத்தரவாத அட்டையில் தொடரிலக்கமும் திகதியும் கடை முத்திரையும் இடப்பட்டுள்ளனவா என்பதையும், திருத்தவேலை மன்னாரிலேயே நடைபெறுமா அல்லது பெட்டி கொழும்புக்கு அனுப்பப்படுமா என்பதையும் வாங்கும்போதே அறிந்துகொள்வது முறை.

நிறுவுதல்

பெட்டியை இருவர் பிடித்து, திரையின் முகத்தில் கைபடாமல் விளிம்பில் தாங்கி எடுக்க வேண்டும். திரையின் நடுப்பகுதி அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் அமைவது கழுத்துக்கு இதமானது. யன்னலுக்கு நேரெதிரே வைத்தால் திரையில் வெளிச்சம் தெறிக்கும். சுவரில் பொருத்துவதாயின், பெட்டியின் பின்புறத் துளைகளின் இடைவெளிக்கு ஏற்ற தாங்கியைத் தெரிந்து, சுவரின் தன்மைக்கேற்ற ஆணியைப் பயன்படுத்த வேண்டும். போருக்குப் பின்னர் எழுந்த வீடுகளிற் பெரும்பாலானவை சீமெந்துக் கல்லால் ஆனவை. உட்குழிவான கல்லில் சாதாரணப் பிளாஸ்ரிக் செருகி பிடிப்பின்றிக் கழன்றுவிடும். குழிவுக்குப் பின்னால் விரிந்து பிடிக்கும் ஆணியோ, சுவரின் இருபுறமும் ஊடுருவும் போல்ற்றோ தேவை.

டிஷ் அன்ரெனாவை உயரத்தில் கட்ட வேண்டும் என்னும் எண்ணம் கம்பத்து அன்ரெனாக் காலத்தின் எச்சமாகும். தரைவழி அலை தொடுவானத்திலிருந்து வருவதால் அதற்கு உயரம் வேண்டும். செய்மதி அலையோ இத்தீவில் வானின் மேற்பகுதியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 9 பாகை வடக்கே அமைந்த மன்னாரிலிருந்து நோக்கும்போது, கிழக்கே 93.5 பாகையில் உள்ள இந்தியாவின் ஜிசற்-15 செய்மதி தென்கிழக்குத் திசையில் தொடுவானத்துக்கு மேல் 71 பாகை உயரத்தில் உள்ளது. ஆகையால் டிஷ்ஷுக்கு நேர்மேலே தென்னோலையோ பனையோலையோ குறுக்கிடாதிருந்தால், இடுப்பளவு உயரமுள்ள கொங்கிறீற்றுத் தூணே போதும். மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோழகக் காற்றில் உயரமான கம்பம் ஆடுவதும், 60 சென்ரிமீற்றர் டிஷ் ஓரிரு பாகை விலகினாலே படம் அறுந்துபோவதும் தாழ்வான தூணை நாடுவதற்கு மேலும் இரு காரணங்கள். தூணைச் செங்குத்துமட்டம் பார்த்து நிறுத்திய பின்னரே டிஷ்ஷைப் பொருத்த வேண்டும்; தூண் சரிந்திருந்தால் அளவுகோலில் உள்ள பாகைக் குறிகள் அனைத்தும் பிழைத்துவிடும். பெறுபெட்டியின் சமிக்ஞை அளவியைத் திரையில் பார்த்தபடி, ஒரு கையால் டிஷ்ஷை மெல்ல நகர்த்தி, மிகுந்த அளவு கிடைக்கும் இடத்தில் சுரைகளை மாறிமாறிச் சிறிதுசிறிதாக இறுக்குவது வழக்கம். ஒரு பக்கத்தை முதலில் முழுதும் இறுக்கினால் டிஷ் அப்பக்கம் இழுபட்டுவிடும்.

டிஷ்ஷின் முன்னுள்ள எல்.என்.பி. என்னும் பெறுதலையிலிருந்து வீட்டுக்குள் வரும் ஆர்.ஜி-6 வயரின் இணைப்புக்குள் நீர் புகாதபடி இறப்பர் நாடா சுற்ற வேண்டும். வயர் சுவர்த்துளைக்குள் நுழையுமுன் அதைச் சற்றுத் தாழ்த்தி வளைத்துவிட்டால், மழைநீர் வயரின் வழியே உள்ளே ஓடாமல் அவ்வளைவில் சொட்டி விழும். பெறுபெட்டியையும் ரிவியையும் எச்.டி.எம்.ஐ. வயரால் இணைக்க வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏவீ வயர் எச்டி படத்தைக் கடத்தாது. நிறுவுவோர் ஏவீ வயரை மட்டும் மாட்டிவிட்டுச் செல்வதால், சந்தாவும் பெட்டியும் எச்டியாக இருந்தும் பழைய படமே தெரியும் வீடுகள் உண்டு.

மின்பாதுகாப்பு

இலங்கையின் இன்றைய நியமம் சதுர முள்கள் கொண்ட 13 அம்பியர் பிளக் ஆகும். வீட்டின் புவித்தொடுப்பும் ட்ரிப் சுவிட்சும் செயற்படுகின்றனவா என்பதை மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே புதிய பெட்டியை இணைப்பது நல்லது. உலர்ந்த மணல்நிலத்தில் புவித்தொடுப்புக் கம்பி ஆழமாகச் செல்லாவிடின் மின்தடை மிகுந்து, பாதுகாப்புச் சாதனங்கள் பயனற்றுப் போகும். தற்காலப் பெட்டிகள் மின்னழுத்த ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் தாமே தாங்குவதால், ஸ்ரெபிலைசரைவிட மின்எழுச்சித் தடுப்பியே இன்றியமையாதது. ஏப்பிரல் மாதத்திலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் இடிமின்னல் மிகுவதால், அப்போது மின்பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். மின்பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் எழுச்சி டிஷ் வயர் வழியே நுழையும் வாய்ப்பு அப்படியே எஞ்சுகிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்த மின்வெட்டுக்குப் பின்னர், பற்றரி ஏற்பாடு பல வீடுகளில் இடம்பெறலாயிற்று. 60 வாற்று ரிவியும் 15 வாற்று பெறுபெட்டியும் நான்கு மணி நேரம் இயங்க 300 வாற்று-மணி ஆற்றல் தேவை. 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியின் 1200 வாற்று-மணியில் பாதியைப் பயன்படுத்தினாலும், இன்வேர்ட்டரில் இழக்கப்படுவது போக, ஆறு மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியும்.

படத்தைச் சீரமைத்தல்

முதன்முறை இயக்கும்போது நாடாக இலங்கையையோ, அது பட்டியலில் இல்லையெனில் பால் பி/ஜி முறையையோ தெரிய வேண்டும். ஒலிமுறை பிழையாக இருந்தால் படம் தெளிவாகத் தெரிந்தும் இரைச்சலே கேட்கும். பெறுபெட்டியின் வெளியீட்டை 1080க்கு மாற்றுவது தனியே செய்யவேண்டிய வேலை. படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் செய்தி எழுத்துகள் பாதி மறைந்தால், ஓவர்ஸ்கான் என்னும் விளிம்பு வெட்டலை நிறுத்த வேண்டும். பழைய 4:3 படங்களை அகலத்துக்கு இழுத்துப் பார்த்தால் முகங்கள் பருத்துத் தோன்றும். இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டுப் பார்ப்பதே முறையானது. கடையில் கண்ணைக் கவருவதற்காக வைத்த விவிட் நிலையிலிருந்து இயல்பு அல்லது சினிமா நிலைக்கு மாற்றி, கூர்மையைக் குறைத்தால் தோல் நிறம் இயல்பாகும், மின்செலவும் குறையும்.

பராமரிப்பு

கடற்காற்றில் வரும் நுண்ணுப்பு ஈரத்தை ஈர்த்து, மின்சுற்றுப் பலகையில் மின்கசிவையும் துருவையும் உண்டாக்கும். பெட்டியைக் கடல் நோக்கிய யன்னலின் கீழ் வைக்காமலும், காற்றோட்டத் துளைகளைத் துணியால் மூடாமலும் இருப்பது முதற்பாதுகாப்பு. நாள்தோறும் சிறிது நேரம் இயங்கும் பெட்டியில் உள்வெப்பத்தால் ஈரம் தங்குவதில்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் பழுது விரைவில் நேர்கிறது. திரையில் படியும் மணல் துகளை முதலில் மென்தூரிகையால் தட்டிவிட்டே உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். நேரே துடைத்தால் மணலே திரையைக் கீறிவிடும். டிஷ்ஷின் சுரைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கிறீஸ் பூசினால் துருவின் வேகம் குறையும்.

வாடைக்கால மழையில், செய்மதி ஒளிபரப்பைத் தாங்கிவரும் கேயூ பட்டை அலைகள் நீர்த்துளிகளால் உறிஞ்சப்படுவதால் செய்மதிப் படம் சிறிது நேரம் அறுபடும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் இறுதியிலும் சூரியன் செய்மதிக்கு நேர்பின்னே வரும் சில நாள்களில், பகலில் சில நிமிடங்கள் இதுபோன்ற தடை ஏற்படும். இவை பழுதுகள் அல்ல. இவற்றுக்காக டிஷ்ஷைத் திருப்பினால் சரியாக இருந்த திசையும் குலையும்.

கழிக்கப்படும் பழைய குழாய்த் திரைப் பெட்டியின் கண்ணாடியில் ஈயம் கலந்திருப்பதால், அதைக் கடற்கரையிலோ காணியிலோ உடைத்துக் கொட்டாமல் மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

டிஜிற்றல் தரைவழி ஒளிபரப்பு

இலங்கை தரைவழி டிஜிற்றல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய ஐ.எஸ்.டி.பி.-ரி முறையை 2014இல் தெரிவு செய்தது. நிதிக் காரணங்களால் அத்திட்டம் பலமுறை தள்ளிப்போயிற்று. அது நடைமுறைக்கு வரும்போது கட்டணமற்ற உள்நாட்டு அலைவரிசைகளும் எச்டி தரத்தில் அன்ரெனா வழியே கிடைக்கும் வாய்ப்பு உண்டு. இந்தியா, ஐரோப்பா முதலிய இடங்களுக்கெனச் செய்யப்படும் பெட்டிகளில் டீ.வீ.பி. வகை அலைவாங்கியே உள்ளதால் அவை இம்முறையை நேரடியாகப் பெறமாட்டா. எனினும் வெளியே இணைக்கும் சிறு பெறுபெட்டி அக்குறையை ஈடுசெய்யும் என்பதால், மாற்றத்தை எதிர்பார்த்துக் கொள்வனவைத் தள்ளிப்போடத் தேவையில்லை. செய்மதிப் பெறுபெட்டிக்கு ஒன்று போக இன்னும் ஓர் எச்.டி.எம்.ஐ. துளையாவது உள்ள பெட்டியைத் தெரிவதும், ஏற்கெனவே உள்ள யாகி அன்ரெனாவைக் கழற்றி எறியாமல் வைத்திருப்பதும் போதுமான முன்னேற்பாடாகும்.